குட்டி டோசரின் ஓட்டையை நான் அடைத்த கதை

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. கேட்ட சாமான் கடையில் இல்லாவிட்டால் "நாளைக்கு வந்துரும்" என்போம். நாளைக்கும் வராது என்று தெரிந்தால் "அதவிட நல்லதா ஒண்ணு இருக்குதுங்க" என்போம். அது என்ன என்று நமக்கே தெரியாவிட்டால் "உக்காருங்க, டீ சொல்றேன்" என்போம். நாமக்கல்லில் ஒரு லாரி சாமான் கடையில் ஒன்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்ற எனக்கு இந்த வியாதி நன்றாகவே முற்றியிருந்தது. அது முற்றியதன் பலனாகத்தான் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, என் சொந்த அக்கா கட்டிய புது வீட்டை இடிக்கப் போனேன். (வேண்டுமென்று இல்லை. இதை அக்காவிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

எங்களுக்குச் சொந்த ஊர் கொல்லிமலை. வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு விடப் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்ப் பிரிவைத் தாண்டித்தான் போவார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் படித்து முடித்து (முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்) மலையை விட்டு இறங்கி நாமக்கல்லில் கடைக்குப் போனேன். அக்கா சரசு மலையிலேயே வாக்கப்பட்டாள். மச்சான் சின்னராசுவுக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் பலா, கொஞ்சம் சாமை, இவற்றோடு ஒரு குட்டி டோசர்.

டோசர் என்றதும் சுரங்கத்தில் மலையைப் பெயர்க்கிற ராட்சசனை நினைத்துவிட வேண்டாம். இது ஒரு மினி வேன் உயரம்கூட வராது. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் செயின். முன்னால் மண்ணைத் தள்ளுகிற பிளேடு. ஸ்டியரிங் கிடையாது. அதற்குப் பதில் இரண்டு லீவர்; இடது லீவரை இழுத்து இடது பிரேக்கை மிதித்தால் இடது செயின் நின்றுவிடும், வண்டி இடது பக்கம் திரும்பும். வலதுக்கு வலது. மூடிப்போன ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து பழைய இரும்பாக எடைக்கு எடுத்து, மச்சான் தானே பிரித்து மாட்டி உயிர் கொடுத்த வண்டி அது. எந்த நாட்டில் செய்தது, யார் செய்தது, ஒன்றும் தெரியாது. பேர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. வயசு கேட்டால் மச்சான், "எங்கப்பாவுக்கு மூத்தது, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் மாப்ள" என்பார்.

அக்காவும் மச்சானும் புது வீடு கட்டினார்கள். எட்டு மிளகு அறுவடை ஆயிற்று அந்த வீட்டுக்கு. ஓர் அறுவடைக்கு அஸ்திவாரம், ஓர் அறுவடைக்குச் சுவர், மழை பொய்த்த வருடம் ஒன்றுமில்லை. அக்கா கல் சுமந்தாள், மண் சுமந்தாள், கொத்தனார் வராத நாளில் பூச்சும் பூசினாள். வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசல். மலைச்சரிவு என்பதால் வாசல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது; பந்தல் போட வேண்டுமென்றால் மட்டம் தட்ட வேண்டும். ஜேசிபி வருகிற அளவுக்குப் பாதை இல்லை. இரண்டு பக்கமும் மிளகு ஏறிய மரங்கள். ஒரு மரத்தில் கைவைத்தாலும் அக்கா நம் கையில் கைவைத்துவிடுவாள். ஆகவே குட்டி டோசர்தான் கதி.

குட்டி டோசருக்கோ இரண்டு இடத்தில் சீல் போயிருந்தது. சீல் என்றால் ஆயில் வெளியே வராமல் பிடித்து வைக்கிற ரப்பர் வளையம். ஒன்று பிளேடைத் தூக்கி இறக்குகிற சிலிண்டரில்; அது போனதால், லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்காவிட்டால் தூக்கிய பிளேடு தானாகவே கீழே உட்கார்ந்துவிடும். இன்னொன்று வண்டியின் வயிற்றுக்குள், பின்பக்கம். அது போனதால் வயிற்றின் அடியில் இருந்த சின்ன ஓட்டை வழியாக நாள் முழுக்க ஆயில் சொட்டும். மச்சான் அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு பெயிண்ட் டப்பாவை வைத்து, சொட்டுகிற ஆயிலைப் பிடித்து, மறுநாள் காலை மேலே ஊற்றிவிடுவார். இதை வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

"தம்பி, உன்ர கடையில இல்லாத சாமானா? அந்த ரெண்டு சீலையும் பாத்துக் குடு சாமி" என்று அக்கா போனில் கேட்டாள்.

"அது ஒரு பெரிய விசயமாக்கா?" என்றேன்.

விஷயம் மிகப் பெரியது என்பது சேலத்துப் பழைய இரும்புக் கடையில்தான் தெரிந்தது. நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த கடைகளில் எல்லாம் கைவிரித்துவிட்டார்கள். (கைவிரிக்கவில்லை, "நாளைக்கு வந்துரும்" என்றார்கள். தொழில் ரகசியம் தெரிந்தவன் என்பதால் எனக்குப் புரிந்துவிட்டது.) சேலத்தில் பழைய மண்வாரி வண்டிகளை உடைத்து விற்கிற கடை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டுப் போனேன். கடையை நடத்தியது ஓர் அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன வண்டிங்க தம்பி?"

"செயின் வண்டிங்க. சின்னது."

"கம்பெனி?"

"பேர்த்தகடு இல்லீங்க."

"எந்த வருசத்து வண்டி?"

"எங்க மச்சானோட அப்பாவுக்கு மூத்ததுங்க."

"வேற ஏதாச்சும் அடையாளம்?"

"மஞ்சக் கலருங்க."

அவர் கையை நீட்டிப் பின்பக்கக் குடோனைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். உள்ளே மலை மாதிரிக் குவிந்திருந்த அத்தனையும் மஞ்சள்.

"சீலுக்கு வண்டி பேரு எதுக்குங்க தம்பி? பழசக் கழட்டிக் கொண்டாங்க. உள்வட்டம், வெளிவட்டம், கனம். மூணு அளவு இருந்தாப் போதும், எந்தக் கடையிலயும் எடுத்துக் குடுப்பாங்க" என்றார்.

ஒன்பது வருடம் கவுண்டரில் நின்றவனுக்கு ஓர் இரும்புக் கடை அம்மா பாடம் எடுப்பதா? "அளவெல்லாம் எங்கண்ணுலயே இருக்குதுங்க" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு வட்டம் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, அந்த வட்டத்துக்குத் தகுந்தாற்போல் இரண்டு வளையம் எடுத்துக் கொடுத்தார். பஸ் ஏறும் முன்பே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கெடச்சுருச்சுக்கா."

"அட என்ர சாமி! நீ இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவோம்" என்றாள் அக்கா. அந்தப் பாராட்டு எனக்கு நாமக்கல் வரைக்கும் தாங்கியது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மலையேறினேன். மச்சான் வீட்டில் இல்லை. மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கிற பைல் நாட்டுச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். புதன்கிழமை வரை அவருக்கு அதே வேலைதான், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். வாசலை நானே மட்டம் தட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முந்தின வருடமே லீவர் பிடித்துப் பழகியிருந்ததால் அதில் ஒன்றும் பயமில்லை. முதலில் சிலிண்டரைத் திறந்து புது சீலை வைத்துப் பார்த்தேன். என் கண்ணில் இருந்த அளவு அரை விரல் பெரிதாக இருந்தது. நுழையவே இல்லை. வயிற்றுக்குள் போக வேண்டிய சீலைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அதை மாட்ட வேண்டுமென்றால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும் என்பது அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

நல்ல மனிதன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? "அக்கா, சீல் சேரல" என்று சொல்லியிருப்பான். நான் வியாதிக்காரன் ஆயிற்றே. அன்று மாலைக்குள் இரண்டு சீலுக்கும் மாற்று வைத்தியம் செய்துவிட்டேன்.

பிளேடு தானாக இறங்குகிறதா? வண்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும்போது பிளேடைத் தூக்கி, முன்பக்கக் கம்பியோடு கயிற்றால் கட்டிவிட வேண்டியது. மாட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த புது நைலான் கயிற்றை எடுத்து, லோடு கட்டுகிற லாரி முடிச்சு போட்டேன். டெல்லிக்குப் போய்த் திரும்பினாலும் அவிழாத முடிச்சு அது.

வயிற்றின் ஓட்டையில் ஆயில் சொட்டுகிறதா? ஓட்டையை அடைத்துவிட வேண்டியது. சரியான தடிமனில் ஒரு போல்ட் எடுத்து, நூல் சுற்றி, ஷெல்லாக் பசை தடவி, ஸ்பானரால் முறுக்கி இறுக்கினேன். துடைத்துவிட்டுக் கால் மணி நேரம் அடியிலேயே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை. இத்தனை வருடம் டப்பா வைத்துப் பிடித்த மச்சானுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். (அந்த வருத்தத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.)

அன்றிரவு மச்சான் வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே டப்பாவைக் குனிந்து பார்த்தார். காலி.

"நெசமாவே நின்னுருச்சு போல மாப்ள?"

"ரெண்டு சீலும் போட்டாச்சுங்க மச்சான்" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"நாமக்கல்லுன்னா நாமக்கல்லுதான்" என்று அவர் அக்காவிடம் சொன்னார். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

செவ்வாயும் புதனும் வாசலை மட்டம் தட்டினேன். ஒரு கையால் பிளேடு லீவரை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டுவது கஷ்டம்தான், ஆனால் பார்க்க ஆள் இருந்ததால் கஷ்டம் தெரியவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மட்டும் வண்டி கொஞ்சம் சோம்பியது. மண்ணைத் தள்ளச் சொன்னால் இஞ்சின் கத்தியது, செயின் நகரத் தயங்கியது. வண்டிக்கும் அலுப்பு இருக்காதா என்று நினைத்து, மேல்தோட்டத்தில் ஏற்றி நிறுத்தினேன். வீட்டு ஓரமாக ஒரே ஒரு துண்டு பாக்கி. அதைக் காலையில் எல்லாரும் இருக்கும்போது முடிக்கலாம் என்று வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா.

வியாழக்கிழமை காலை வீடு நிறைய ஆட்கள். சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியிருந்தார்கள். வாசலின் ஒரு மூலையில் சமையல்காரர் கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார். மச்சான் வாழை மரம் வெட்டி வரத் தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் குளித்து, புதுச் சட்டை போட்டு, டோசருக்கு விபூதிப் பட்டை அடித்து, மாலை போட்டு, இரண்டு எலுமிச்சம்பழத்தைச் செயினுக்கு அடியில் வைத்தேன். பிளேடைத் தூக்கிக் கட்டினேன். ஏறி உட்கார்ந்து, "எல்லாரும் கொஞ்சம் ஓரமா நின்னுக்கங்க!" என்று குரல் கொடுத்தேன். அந்த நிமிடம் வரை ஒருவரும் நடுவில் நிற்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் பார்க்க வந்து நடுவில் நின்றார்கள்.

மேல்தோட்டத்திலிருந்து ஒரு சரிவுப் பாதை நேராக வீட்டை நோக்கி இறங்கும். பாதி தூரத்தில் இடது பக்கம் திரும்பினால் வாசல். திரும்பாவிட்டால் வீடு. எலுமிச்சம்பழங்கள் இரண்டும் அழகாக நசுங்கின. அன்றைக்குச் சரியாக நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

திரும்ப வேண்டிய இடம் வந்ததும் இடது லீவரை இழுத்து இடது பிரேக்கை மிதித்தேன். வண்டி நேராகப் போனது. இன்னும் பலமாக இழுத்தேன். நேராகப் போனது. கோபத்தில் வலது லீவரையும் இழுத்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். வெண்ணெயை மிதித்தது போல இருந்தது. வண்டிக்கு நான் மேலே உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை.

வேகம் ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. மாப்பிள்ளை ஊர்வலம் போகிற வேகம்தான். வேகமாகப் போயிருந்தால் எல்லாரும் அலறி ஓடியிருப்பார்கள். இது மெதுவாகப் போனதால் கூடவே நடந்துவந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"ரிவர்சு போடுங்க தம்பி!" என்றார் சமையல்காரர். போட்டேன். இஞ்சின் பின்னால் போவதாக நினைத்துக் கத்தியது. வண்டி முன்னால்தான் போனது.

"ஆஃப் பண்றா, ஆஃப் பண்ணுனா நின்னுரும்!" என்றார் பெரியப்பா ஒருவர். இஞ்சினை அணைத்தேன். சத்தம் நின்றது. வண்டி நிற்கவில்லை. செயின் மட்டும் கிளிங் கிளிங் என்று உருண்டுகொண்டே இருந்தது. இஞ்சின் ஓடும்போதாவது யார் என்ன திட்டுகிறார்கள் என்று கேட்காமல் இருந்தது.

அப்போதுதான் அக்கா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். கையில் கோலமாவு டப்பா. தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிரே மாலை போட்டுக்கொண்டு டோசர், அதன்மேல் மாலை போடாத நான்.

"போதும்டா தம்பி, நிறுத்து!"

"நிக்க மாட்டேங்குதுக்கா!"

"பிளேட எறக்குடா!"

"கட்டியிருக்குதுக்கா!"

"யாருடா கட்டுனது?"

முடிச்சைப் பார்த்தேன்.

"நாந்தாங்க்கா."

"அவுறு!"

"அவுறாதுக்கா, அது லாரி முடிச்சு!"

அதன்பிறகு அக்கா கேள்வி கேட்கவில்லை. டப்பாவைக் கீழே போட்டுவிட்டு வீட்டு முன்சுவருக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்து நின்றாள். அதுவரை சட்டை, மானம், மச்சான் முகம் என்று என்னென்னவோ கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் எல்லாம் போய்விட்டது. "அக்கா, வெலகுக்கா! உங்காலுல உழுறேன், வெலகு!" என்று கத்தினேன். அழுதேன் என்றும் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

அக்கா விலகினாள். ஆனால் ஓடவில்லை. அடுப்புப் பக்கம் இரண்டே எட்டு வைத்து, வாழை இலைக் கட்டை நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரரின் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செயினுக்கு எட்டாத தூரத்தில், வண்டியோடு பக்கவாட்டில் நடந்தபடியே கயிற்றில் ஒரு வெட்டு போட்டாள். நைலான் கயிறு எகிறியது. "வேண்டாங்க்கா!" என்றேன்.

"நீ வாய மூடிக்கிட்டு உக்காரு" என்றாள்.

இரண்டாவது வெட்டு. மூன்றாவது வெட்டில் கயிறு அறுந்து, பிளேடு தடாரென்று விழுந்து மண்ணைக் கவ்வியது. வண்டி குலுங்கி, மண்ணை வாரிச் சுருட்டிக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் போய், பெருமூச்சு விட்டதுபோல் நின்றது. பிளேடுக்கு முன்னால் குவிந்த மண் சுவரை மெல்லத் தொட்டது. ஒரு துளி மண் புது வெள்ளையில் தெறித்தது. அவ்வளவுதான். பெரியப்பா உடனே குனிந்து பிளேடுக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்து அளந்து, "ஒரு மொழம்!" என்று அறிவித்தார். அந்த ஒரு முழத்தை எங்கள் சொந்தத்தில் அளக்காதவர்களே இல்லை. பந்தியில் உட்காரும் முன் ஒவ்வொருவராக வந்து கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீடு நின்றுகொண்டிருந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். உடம்பிலிருந்து பத்துக் கிலோ இறங்கிய மாதிரி இருந்தது. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

மச்சான் தோளில் வாழை மரத்தோடு வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்தார், டோசரைப் பார்த்தார், மரத்தை இறக்கி வைத்தார். நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். சற்று நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"மாப்ள, இந்த போல்ட்ட யாரு போட்டா?"

"ஆயில் ஒழுகுச்சுங்க மச்சான். அதான் அடைச்சேன்."

"ஒழுகறதுக்குத்தான மாப்ள அந்த ஓட்டையவே வெச்சிருக்கறான்!"

ஸ்பானர் கேட்டார். போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு ஆயில் கொடகொடவென்று ஊற்றியது. டப்பா நிரம்பி, வாளி வந்து, வாளியும் நிரம்பியது. லீவரும் பிரேக்கும் பிடிக்கிற தட்டுகள் எல்லாம் அந்த அறைக்குள்தான் இருக்கின்றன. அவை காய்ந்து இருந்தால்தான் ஒன்றையொன்று பிடிக்கும். சீல் போய் உள்ளே கசிகிற ஆயில் அங்கே தேங்கிவிடக் கூடாதென்றுதான் அடியில் ஓட்டை. நான் ஓட்டையை அடைத்து, மூன்று நாளாகத் தட்டுகளை ஆயிலில் ஊறப் போட்டிருந்தேன்.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு சீலையும் மாட்டவே இல்லை என்பதை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். மச்சான் தலையைச் சொறிந்தார்.

"ஒரு விதத்துல நல்லதுதான் மாப்ள. சிலிண்டர் சீல நீ ஒழுங்காப் போட்டிருந்தீன்னா பிளேடு இப்படித் தொப்புனு உளுந்திருக்காது. அது பைய்ய எறங்கறதுக்குள்ள நீ சாமி ரூமுக்குப் போயிருப்ப."

நான் செய்த வேலைகளில் செய்யாத வேலை ஒன்றுதான் வீட்டைக் காப்பாற்றியது. அக்கா அரிவாளைச் சமையல்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளேடு வழித்துக்கொண்டு வந்த தடத்தில் காலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மூணு நாளா நீ ஓட்டுனதுல இந்த ஒரு எடந்தாண்டா மட்டமா இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்தேன்.

ஊறிய தட்டுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைக்க ஒரு நாள் போதாது. ஆகவே மறுநாள் விழாவுக்கு டோசர் இருந்த இடத்திலேயே இருந்தது, புது வீட்டு வாசலில், சுவருக்கு ஒரு முழம் தள்ளி. பந்தலை அதன் மேலேயே போட்டார்கள். கொண்டுவந்த வாழை மரத்தில் ஒன்றை அதன் கம்பியில் கட்டினார்கள். (நான் கட்டவில்லை. என்னைக் கயிற்றுப் பக்கமே விடவில்லை.) மொய் எழுதுகிறவர் நோட்டை வைத்துக்கொள்ள அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். அன்றைய ஆல்பத்தில் டோசர் இல்லாத படம் ஒன்றுகூடக் கிடையாது. அக்கா அடுப்பில் பால் பொங்க வைக்கிற படத்திலும் ஜன்னல் வழியே மஞ்சளாக எட்டிப் பார்க்கிறது.

சீல் கதை முடிந்ததைச் சொல்லிவிட வேண்டும். விழா முடிந்ததும் மச்சான் பாதி வண்டியைப் பிரித்து, பழைய சீல்கள் இரண்டையும் எடுத்துக் கொடுக்க, அக்கா அவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி நாமக்கல் வந்தாள். என் கடைக்கு வரவில்லை. என் கடையைத் தாண்டி நான்காவது கடைக்குப் போனாள். அங்கே கோழித்தீவனம் அரைக்கிற மெஷின்களுக்குச் சாமான் விற்கிறார்கள். கடைக்காரர் அளவுகோலால் உள்வட்டம், வெளிவட்டம், கனம் பார்த்து, டப்பாவிலிருந்து இரண்டு சீல் எடுத்துக் கொடுத்தாராம். மொத்தம் ஐந்து நிமிடம். அதன்பிறகுதான் என் கவுண்டருக்கு வந்து பொட்டலத்தை மேலே வைத்தாள்.

"டீ சொல்லு" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மேடையில் அக்கா வந்து, என் மனைவி கோமதிக்கு ஒரு மோதிரம் போட்டுவிட்டு, பளபளக்கிற தாள் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "இங்கயே பிரிச்சுப் பாரு கண்ணு" என்றாள். கோமதி பிரித்தாள். உள்ளே பிடி போட்ட புது அரிவாள். மாமனார் முகத்தில் ரத்தம் இல்லை. போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டார்.

"இவன் எதையாவது நானே சரி பண்றேன்னு ஆரம்பிச்சான்னா, கேள்வியெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காத கண்ணு. நேரா இத எடுத்துரு" என்று சொல்லி, மைக்கை வாங்கி மண்டபத்துக்கே முழுக் கதையையும் சொன்னாள். சாப்பாட்டுப் பந்தி அரை மணி நேரம் தாமதமாயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. மாமனார்தான் எல்லாருக்கும் பிறகு சிரித்தார், ஆனால் அதிக நேரம் சிரித்தார்.

அரிவாள் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் மிக்சி ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ரெண்டு நிமிசம்" என்று ஜாரைக் கவிழ்த்தேன். கோமதி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, கதவுப் பக்கம் நடந்தாள்.

நான் ஜாரைக் கீழே வைத்துவிட்டேன்.